கரும்புத் தோட்டம் தந்த பந்தாட்ட வீரர்

மறைந்துபோன ஒருவரின் வாழ்க்கையைப் பழைய படச்சுருள்கள், நிழற்படங்கள், அவரை அறிந்தோரின் வாய்மொழி ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் கண்முன் நிறுத்தும் படத்தை ஆவணப்படம் என்பர். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியில் அத்தகைய படமொன்று ஒளிபரப்பாயிற்று. பெர்னார்டோ ரூயிஸ் என்பவர் இயக்கிய அப்படத்தின் நாயகர் ரொபர்ட்டோ கிளெமெண்ட்டே என்னும் பேஸ்பால் ஆட்டக்காரர். நம் நாட்டில் காற்பந்தையும் பூப்பந்தையும் அறியாத பிள்ளை இல்லை. பேஸ்பாலை அறிந்த பிள்ளையோ மிக அரிது. அவ்வாறிருக்க, நம் பள்ளி மலரில் அவரைப் பற்றி எழுதுவானேன் என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். அவர் ஒரு தோட்டத்துப் பிள்ளை. கரும்புத் தோட்டக் கங்காணி ஒருவரின் கடைசி மகன். இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

மாணவச் செல்வங்களே, முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். நீங்கள் திடலில் ஆடும் ரவுண்டர்ஸ் ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேஸ்பால் அதன் நெருங்கிய உறவு. அணிக்கு ஒன்பது பேர். திடலின் ஒரு மூலையில் சாய்சதுரமாக நான்கு தளங்கள் அமைந்திருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி. எதிரணியைச் சேர்ந்தவர் வீசும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு ஓடி, நான்கு தளங்களையும் தொட்டு வந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூன்று முறை பந்தைத் தவறவிட்டால் ஆட்டமிழக்க நேரிடும். அடித்த பந்தைத் தரையில் விழுமுன் எவரேனும் பிடித்துவிட்டாலும் அவ்வாறே. இன்னொரு வழியும் உண்டு. ஓடுபவர் தளத்தை அடையுமுன் பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் வெளியேற வேண்டியதுதான். இந்த மூன்றாவது விதியை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கிளெமெண்ட்டேயின் பெருமையில் பாதி அதில்தான் அடங்கியிருக்கிறது.

கரிபியன் கடலிலுள்ள புவெர்ட்டோ ரிக்கோ ஒரு சிறு தீவு. நெடுங்காலம் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்து, 1898-இல் அமெரிக்காவின் கைக்கு மாறியது. மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். அத்தீவின் கரோலினா என்னும் ஊரில் 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் ரொபர்ட்டோ பிறந்தார். தந்தை மெல்ச்சோர் கிளெமெண்ட்டே. தாய் லூயிசா வாக்கர். பிள்ளைகள் எழுவர். அக்காலத்தில் தீவெங்கும் கரும்பே முதன்மைப் பயிர். வெட்டும் பருவத்தில் விடியுமுன்னரே வேலை தொடங்கும். வெட்டு முடிந்ததும் பல மாதங்கள் வேலையும் இராது, கூலியும் இராது. அந்த மாதங்களை அங்குள்ள தொழிலாளர்கள் ‘செத்த காலம்’ என்றே தம் மொழியில் அழைத்தனர். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுபோன நாட்களை நினைவில் வைத்திருக்கும் நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

பிள்ளைப் பருவத்தில் ரொபர்ட்டோ தந்தைக்கு உதவியாக லோரியில் மணலும் கல்லும் அள்ளிப் போட்டதுண்டு. மிதிவண்டி ஒன்று வாங்க ஆசைப்பட்டு, அண்டை வீட்டாருக்குப் பால் தூக்கிக் கொடுத்து, நாளுக்கு ஒரு காசாகச் சேர்த்துப் பல ஆண்டுகளுக்குப் பின் அதை வாங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மட்டைக்குக் கொய்யாக் கிளை. பந்துக்குச் சுருட்டிக் கட்டிய கந்தைத் துணி. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தெருவில் ஆடிய ஆட்டந்தான் அவரது முதற்பள்ளி. உயர்நிலைப் பள்ளியில் ஈட்டி எறிதலிலும் தேர்ந்து விளங்கினார். பின்னாளில் உலகமே வியந்து நோக்கிய அந்தத் தோள் அங்கேதான் வலுப்பெற்றது.

1952-இல், பதினெட்டு வயதில், தீவின் சாந்தூர்சே அணியில் சேர்ந்தார். ஈராண்டுக்குள் அமெரிக்காவின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி அவரைப் பத்தாயிரம் டாலர் ஊக்கத்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் தன் முதன்மை அணியில் ஆடவிடாமல், கனடாவிலுள்ள மொன்றியல் கிளை அணிக்கு அனுப்பியது. அங்கும் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்படியாயிற்று. அக்கால விதியின்படி, பெருந்தொகை பெற்ற ஓர் ஆட்டக்காரரைக் கிளை அணியிலேயே வைத்திருந்தால், ஆண்டு முடிவில் பிற அணிகள் அவரை எடுத்துக்கொள்ளலாம். 1954 பருவத்தில் தம் பிரிவில் கடைசி இடத்தில் நின்ற பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியினருக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. நான்காயிரம் டாலருக்கு ரொபர்ட்டோவை அவர்கள் பெற்றனர். (பைரேட்ஸ் என்றால் கடற்கொள்ளையர். பெயரைக் கண்டு அஞ்சவேண்டா. பிட்ஸ்பர்க் கடலோரத்திலேயே இல்லை. அக்காலத்தில் அது இரும்பு உருக்காலைகள் நிறைந்த தொழிலாளர் நகரமாக இருந்தது.) அதே ஆண்டின் டிசம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் மோதியதால் அவரது முதுகெலும்பு அடிபட்டது. அந்த வலி அவரை விட்டு என்றும் நீங்கவில்லை.

1955 முதல் 1972 வரை பதினெட்டு பருவங்கள் அவர் அந்த ஒரே அணிக்கு ஆடினார். அவர் நின்ற இடம் திடலின் வலப்புறக் கோடி. அங்கிருந்து மூன்றாவது தளம் வெகு தொலைவு. மற்றவர்கள் பந்தை இடையில் நிற்கும் ஒருவருக்கு எறிந்து, அவர் மூலம் தளத்திற்குச் சேர்ப்பிப்பர். கிளெமெண்ட்டேயோ சுவரோரத்தில் பந்தை எடுத்துச் சுழன்று, தரையைத் தொடாமல் நேரே தளத்திற்கு எறிவார். ஓடுபவர் வந்து சேர்வதற்குள் பந்து அவருக்காகக் காத்திருக்கும். பழைய படச்சுருள்களில் அந்த எறிதலை இன்றும் காணலாம். எண்களை எத்துணை அடுக்கினாலும் அந்தக் காட்சிக்கு ஈடாகாது. தற்காப்பில் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் தங்கக் கையுறை விருதை 1961 முதல் 1972 வரை ஓர் ஆண்டும் தவறாமல் பன்னிரண்டு முறை அவர் பெற்றார்.

அடித்தாடுவதிலும் அவர் குறைந்தவர் அல்லர். இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். பேஸ்பாலில் ஒருவரின் திறமையை, வெற்றி அடிகளை அடி முயற்சிகளால் வகுத்து அளப்பர். கிளெமெண்ட்டே தம் வாழ்நாளில் 9,454 முயற்சிகளில் 3,000 வெற்றி அடிகள் அடித்தார். வகுத்துப் பாருங்கள், 0.317 வரும். பத்துக்கு மூன்று என்றால் பள்ளித் தேர்வில் தோல்வி. இந்த ஆட்டத்திலோ அது முதல் தரம். மணிக்கு 90 மைலுக்கும் மேலான வேகத்தில், வளைந்தும் தாழ்ந்தும் வரும் பந்தை அடிப்பது அத்துணைக் கடினம். தம் பிரிவின் சிறந்த அடிப்பாளர் என்னும் பட்டத்தை 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றார். 1966-இல் மிகப் பயனுள்ள ஆட்டக்காரர் விருதும் அவரைத் தேடி வந்தது.

இவ்வளவும் ஆட்டத்தின் கதை. ஆவணப்படம் எடுப்போரையும் நூல் எழுதுவோரையும் இன்றளவும் அவரிடம் இழுப்பது வேறொன்று. அவர் பிட்ஸ்பர்க் வந்தபோது கறுப்பினத்தவருக்குப் பெரும் பேஸ்பால் அணிகளின் கதவு திறந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன; 1947-இல் ஜாக்கி ராபின்சன் அதைத் திறந்தார். கிளெமெண்ட்டேயின் தோலோ கறுப்பு; மொழியோ ஸ்பானியம். ஆகவே அவர் இரு சுவர்களுக்கு முன் நின்றார். பயிற்சிக்காக அணி புளோரிடா மாநிலத்திற்குச் செல்லும்போது வெள்ளையர் தங்கும் விடுதியில் அவருக்கு இடமில்லை. வழியில் வெள்ளை ஆட்டக்காரர்கள் உணவகத்தில் அமர்ந்து உண்ண, கறுப்பு ஆட்டக்காரர்கள் பேருந்திலேயே காத்திருக்க வேண்டும். உணவு பொட்டலமாக வெளியே வரும். அதைத் தொடமாட்டேன் என்று அவர் மறுத்தார். தமக்கும் தம்மைப் போன்றோருக்கும் தனி வண்டி வேண்டும் என்று நிருவாகத்திடம் கேட்டுப் பெற்றார்.

மொழியின் பெயரால் நேர்ந்த இழிவு இதைவிட நுட்பமானது. அவர் ஆங்கிலம் பேசும்போது எழும் ஒலிக்குறைகளை நாளேடுகள் அப்படியே எழுத்துக்கூட்டி அச்சிட்டு நகைத்தன. மற்றவர்கள் பேச்சில் எத்தனை பிழை இருப்பினும் திருத்தி வெளியிட்டவர்கள், இவர் பேச்சை மட்டும் திருத்தவில்லை. முதுகு வலிக்கிறது என்றால், நோய் கொண்டாடுகிறார் என்று எழுதினர். பெயரையும் விட்டுவைக்கவில்லை. ரொபர்ட்டோ என்பது நாவில் நுழையாத சொல் ஒன்றும் அன்று. எனினும் ‘பாப்’ என்று சுருக்கி, பிள்ளைகள் சேகரிக்கும் ஆட்டக்காரர் படஅட்டைகளிலும் பல ஆண்டுகள் ‘பாப் கிளெமெண்ட்டே’ என்றே அச்சிட்டு விற்றனர். என் பெயர் ரொபர்ட்டோ என்று அவர் சலிக்காமல் திருத்திக்கொண்டே இருந்தார். பெற்றோர் வைத்த பெயரை வாயில் நுழையவில்லை என்று பிறர் மாற்றும்போது, போகட்டும் என்று விட்டுவிடுவோர் நம்மிலும் உண்டு. அவர் விடவில்லை.

அவர் எளிதில் திருப்தியடைபவரும் அல்லர்; சினமும் உண்டு. 1960-இல் பைரேட்ஸ் அணி வலிமை மிக்க நியூயார்க் யாங்கீஸை ஏழாவது ஆட்டத்தில் 10-9 என்று வென்று உலகத் தொடர் வெற்றி வாகை சூடியது. ஏழு ஆட்டங்களிலும் கிளெமெண்ட்டே வெற்றி அடி அடித்திருந்தார். ஆயினும் அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பில் செய்தியாளர்கள் அவரை எட்டாவது இடத்தில் வைத்தனர். அந்தப் புண் நெடுநாள் ஆறவில்லை. இதை அவரது குறையாகச் சொல்வோர் உண்டு. உழைப்புக்குரிய மதிப்பை வாய்விட்டுக் கேட்பதில் குறையேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். கிளெமெண்ட்டே அவரை நேரில் அறிந்தவர். பருவத்தின் முதல் ஆட்டம் இறுதிச் சடங்கிற்கு முதல் நாள் நிகழவிருந்தது. சடங்கு முடியும்வரை ஆடமாட்டோம் என்று பைரேட்ஸ் ஆட்டக்காரர்கள், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து, அறிவித்தனர்; அம்முடிவில் கிளெமெண்ட்டேயின் பங்கு பெரிது. முடிவில் எல்லா அணிகளும் தங்கள் முதல் ஆட்டங்களை ஏப்ரல் 10-க்குத் தள்ளிவைத்தன.

1971-ஆம் ஆண்டு உலகத் தொடரில் பால்டிமோர் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றுவிட்டது. கிளெமெண்ட்டேக்கு வயது முப்பத்தேழு. அதன்பின் நிகழ்ந்ததை நாடே தொலைக்காட்சியில் கண்டது. ஏழு ஆட்டங்களில் 29 முயற்சிகளுக்கு 12 வெற்றி அடிகள், அதாவது 0.414. 1960-இல் போலவே ஓர் ஆட்டத்திலும் தவறவில்லை. அக்டோபர் 17 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தில் அவர் அடித்த ஹோம் ரன்னும் சேர, 2-1 என்று பிட்ஸ்பர்க் வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே.

வெற்றிக்குப் பின் ஒலிவாங்கியை அவர்முன் நீட்டினார்கள். கோடிக்கணக்கானோர் கேட்டுக்கொண்டிருந்தனர். அவரோ, ஆங்கிலத்தில் பேசுமுன் என் தாய் தந்தையருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன் என்று அனுமதி பெற்றுக்கொண்டு, தம் பிள்ளைகளுக்கு ஆசி கூறி, தம் பெற்றோரின் ஆசியை வேண்டினார். சில நொடிகளே நீடித்த பேச்சு அது. புவெர்ட்டோ ரிக்கோவில் அதைக் கேட்ட முதியோர் கண்ணீர் விட்டனர் என்பர். அவர் பேச்சை எழுத்துக்கூட்டி எள்ளிய அதே நாட்டில், அன்று அவர் மொழி திருத்தமாக ஒலித்தது.

மறு ஆண்டு, 1972 செப்டம்பர் 30-ஆம் நாள், பிட்ஸ்பர்க் திடலில் அவர் தம் மூவாயிரமாவது வெற்றி அடியை அடித்தார். அந்த எண்ணை எட்டிய பதினோராவது ஆட்டக்காரர் அவர். இரண்டாவது தளத்தில் நின்றுகொண்டு தொப்பியைக் கழற்றி மக்களுக்குக் காட்டினார். பருவ ஆட்டங்களில் அவர் அடித்த கடைசி அடியும் அதுவாகவே அமைந்தது.

அவ்வாண்டின் இறுதியில் நிக்கராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவிற்குப் புவெர்ட்டோ ரிக்கோவின் பயிற்சி நிலை அணியை அழைத்துக்கொண்டு போயிருந்தார். அங்கே மருத்துவமனையில் கால்களை இழந்த சிறுவன் ஒருவனைக் கண்டு, செயற்கைக் கால்களுக்கு உதவுவதாக வாக்களித்தார். அவர் ஊர் திரும்பிய சில வாரங்களில், டிசம்பர் 23 அன்று நள்ளிரவுக்குப் பின் மனாகுவாவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர், நகரின் நடுப்பகுதி தரைமட்டமாயிற்று.

கிறிஸ்துமஸ் விடுமுறையை மறந்து, உணவும் மருந்தும் உடையும் திரட்டும் பணியை அவர் தலைமையேற்று நடத்தினார். பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் தலைமை அன்று. பெட்டிகளையும் தாமே சுமந்தார். பொருள்கள் விமானங்களில் போயின. ஆனால் அவை மக்களைச் சேரவில்லை என்ற செய்தி வந்தது. நாட்டை ஆண்ட சொமோசாவின் படையினர் அவற்றைக் கைப்பற்றிக்கொண்டனர். அடுத்த விமானத்தில் நானே போகிறேன். நான் நின்றால் திருடமாட்டார்கள் என்பது கிளெமெண்ட்டேயின் எண்ணம். அவரது பெயருக்கு அத்தகைய மதிப்பு அந்நாட்டில் இருந்தது உண்மைதான்.

அடுத்து நிகழ்ந்ததைச் சிலர் விதி என்று எழுதுவர். அது விதி அன்று, கவனக்குறைவு. வாடகைக்கு எடுத்த பழைய டிசி-7 விமானம் அம்மாதம் 2-ஆம் நாளன்றுதான் ஓடுபாதையருகே பள்ளத்தில் இறங்கிச் சேதமடைந்திருந்தது. உரிய தகுதி பெற்ற துணை விமானியோ விமானப் பொறியாளரோ அதில் இல்லை. ஏற்றத் தகுந்த எடையைவிட 4,000 பவுண்டுக்கும் மேலாக, அதாவது ஏறத்தாழ 1,900 கிலோ அதிகமாகச் சுமை ஏற்றப்பட்டிருந்தது. 1972 டிசம்பர் 31, இரவு ஒன்பது மணி கடந்த வேளையில் ஐவருடன் சான் ஹுவான் நிலையத்திலிருந்து எழுந்தது. சில நிமிடங்களில் கடலில் வீழ்ந்தது. எவரும் பிழைக்கவில்லை. புத்தாண்டு பிறந்த காலையில் தீவு மக்கள் கடற்கரையில் திரண்டு, அலைகளை நோக்கிப் பேச்சற்று நின்றனர். அணித்தோழரான மேனி சாங்கியேன் பிட்ஸ்பர்க் அணியினர் அனைவரும் கூடிய நினைவுத் திருப்பலிக்கும் போகாமல், நீருக்குள் மூழ்குவோருடன் சேர்ந்து தேடினார். கிளெமெண்ட்டேயின் உடல் கிடைக்கவேயில்லை. அவருக்கு வயது முப்பத்தெட்டு. மனைவி வேராவும் மூன்று சிறு ஆண் பிள்ளைகளும் எஞ்சினர். விமானத்தைப் பறக்கவிட்ட பொறுப்பு அரசாங்கத்துக்கும் உண்டு என்று குடும்பத்தார் தொடுத்த வழக்கில் முதலில் வெற்றி கிட்டியது. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது.

ஆட்டத்திலிருந்து விலகி ஐந்தாண்டு கழிந்த பின்னரே ஒருவரைப் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்ப்பது விதி. கிளெமெண்ட்டேக்காக அவ்விதியைத் தளர்த்தினர். 1973 மார்ச்சில் நடந்த தனி வாக்கெடுப்பில் 424 வாக்குகளில் 393 அவருக்கு விழுந்தன. விதி விதிதான் என்று மறுத்தோரும் இருந்தனர். ஆகஸ்டு 6-ஆம் நாள் அவர் சேர்க்கப்பட்டார். இலத்தீன் அமெரிக்கர்களில் அவ்விடத்தை அடைந்த முதல்வர் அவரே. பொதுத்தொண்டில் சிறந்த ஆட்டக்காரருக்கு அளிக்கப்படும் விருதுக்கும் அவ்வாண்டு முதல் அவர் பெயரே. ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் கனவு கண்ட விளையாட்டு நகரைக் கரோலினாவில் வேரா அம்மையார் எழுப்பி, நெடுங்காலம் நடத்தினார். பின்னாளில் அது பராமரிப்புக் குன்றிச் சிதைவுற்றதைக் கேட்க மனம் வருந்துகிறது. பிட்ஸ்பர்க்கில் 2001-இல் திறக்கப்பட்ட புதிய திடலில் வலப்புறக் கோடிச் சுவரின் உயரம் 21 அடி. அவர் சட்டையில் இருந்த எண் 21.

புகழ் மண்டபத்தில் அவருக்கு வைத்த வெண்கலப் பலகையில் ‘ரொபர்ட்டோ வாக்கர் கிளெமெண்ட்டே’ என்று பொறித்திருந்தனர். ஸ்பானிய மரபில் தந்தையின் குடிப்பெயர் முன்னும் தாயின் குடிப்பெயர் பின்னும் வரும். அமெரிக்க வழக்கப்படி இரண்டையும் இடம் மாற்றிவிட்டனர். இருபத்தேழு ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. 2000-ஆம் ஆண்டில் பலகையைப் புதிதாக வார்த்து, ‘ரொபர்ட்டோ கிளெமெண்ட்டே வாக்கர்’ என்று திருத்தி வைத்தனர்.